கறிவேப்பிலைக்கு மனம் சரியில்லை

ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீட்டுக்குள் நுழைபவர் நாட்காட்டியைப் பார்க்காமலே மாதத்தைச் சொல்லிவிடலாம். கறிவேப்பிலைச் சாடி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். பின்வளவில் வெயில் காய்ந்துகொண்டு நின்றால் ஜூன், ஜூலை. கராஜ் வாசலில், உள்ளே வருவதா வெளியே நிற்பதா என்ற யோசனையோடு நின்றால் செப்டம்பர் கடைசி. ஹோலில், தெற்குப் பார்த்த பெரிய யன்னலுக்கு முன்னால், வீட்டுக்காரர் வழக்கமாக இருக்கும் கதிரையின் இடத்தில் நின்றால் அது நவம்பர். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கக்கூடாது. அவர் பேஸ்மென்ற் படிக்கட்டுக்குப் பக்கத்தில், வெளிச்சம் தேவைப்படாத உயிர்களுக்கு ஒதுக்கப்பட்ட மூலையில் இருப்பார்.

எங்கள் வீட்டில் அந்த உயிர் நான்.

நவம்பர் முதல் ஞாயிறு விடிய இரண்டு மணிக்குக் கனடாவின் பெரும்பகுதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளும். மறுநாள் வேலை முடிந்து வெளியே வந்தால் ஊர் இருட்டிக் கிடக்கும். டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் பகலுக்கு ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. பின்னேரம் நாலே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம்தான். எங்கள் ஊரில் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போன ஒரே உத்தியோகத்தர் சூரியன். அவருக்குக் கீழே வளர்ந்துவிட்டு, அரைநாள் லீவு எடுக்கும் இந்தக் கனடாச் சூரியனோடு ஒத்துப்போவது கஷ்டம்.

அதனால் எனக்கு ஒரு வருத்தம் வரும். காய்ச்சல் இல்லை, தடிமன் இல்லை. சோபாவில் சாய்ந்தால் எழும்ப மனம் வராது. மாவும் சீனியும் சேர்ந்த எதைக் கண்டாலும் கை தானாகப் போகும். தொலைபேசி அடித்தால் ‘நான் இல்லை எண்டு சொல்லு’ என்று சைகை காட்டுவேன். எவ்வளவு படுத்தாலும் நித்திரை காணாது. என் மாமி, அதாவது மனைவியின் தாயார், இதை ஒரே பார்வையில் பஞ்சி என்று கண்டுபிடித்துவிட்டார். வேறு பரிசோதனை தேவையில்லை என்பது அவருடைய கருத்து.

நல்ல காலம், மருத்துவ உலகில் எனக்கு ஆதரவாக ஒருவர் இருக்கிறார். நோர்மன் ரோசன்தால் தென்னாபிரிக்காவின் ஜொகனஸ்பேர்க்கிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த மனநல மருத்துவர். குளிர்காலம் வந்ததும் தன்னுடைய உசார் இறங்கிவிடுவதை அவர் கவனித்தார். 1984இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் போகும் மனச்சோர்வைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதிகமாக நித்திரை கொள்வது, மாச்சத்துக்கு ஆலாய்ப் பறப்பது, ஆட்களைக் கண்டால் ஒளிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. குளிர் நாட்டிலேயே பிறந்தவர்கள் இதைப் பரம்பரை பரம்பரையாகப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வெயில் கண்ட ஒருவர் வந்து இறங்கியதும்தான் ‘இதென்ன அநியாயம்’ என்று கேட்க ஆள் கிடைத்தது. குடிவரவாளன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை.

எங்கள் குடும்ப வைத்தியரும் தமிழர்தான். விடிய எழும்பியதும் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருக்கச் சொன்னார். எங்கள் ஹோலில் இரவில் எரியும் விளக்கு நூறு, இருநூறு லக்ஸுக்கு மேல் தராது என்பதால் இது பெரிய சீதனம். மத்தியானம் ஒரு நடை போகச் சொன்னார். மேகம் மூடிய நாளிலும் வெளியில் இருக்கும் வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்காம். கடைசியில், ‘வீட்டிலை ரெண்டு மூண்டு செடி வையுங்கோ. பச்சையைப் பாத்துக்கொண்டிருந்தால் மனதுக்கு நல்லது’ என்றார்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வைத்தியரைப் பார்த்துச் சொன்னாள்: “வீட்டிலை நிக்கிற செடிக்கே மனம் சரியில்லை, டொக்டர்.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. பச்சையைப் பார்த்தால் மனம் குளிரும் என்று சொல்கிறவர்கள் மனதில் வைத்திருப்பது பீஸ் லில்லி, மணி பிளான்ற், ஸ்நேக் பிளான்ற் முதலிய சாதுவான செடிகளை. பீஸ் லில்லி தென்னமெரிக்கக் காட்டில் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்வது. மணி பிளான்ற் பசிபிக் தீவிலிருந்து வந்தது. ஸ்நேக் பிளான்ற் மேற்கு ஆபிரிக்கா; எங்கள் ஊர் வேலியோரத்து மருளுக்குச் சொந்தக்காரி. வீட்டுச் செடிகள் என்று கனடாக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் வெப்பமண்டலத்துக் காட்டு நிழலில் பழகியவை. அரைகுறை வெளிச்சத்தில் குடித்தனம் நடத்த அவற்றுக்குத் தெரியும். இருபது பாகை வெப்பம் வைத்துக் கொடுத்தால் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்துவிடும். பேஸ்மென்றில் வாழ்க்கையைத் தொடங்கிய எங்களுக்கும் அவற்றுக்கும் நிறையப் பொருத்தம்.

கறிவேப்பிலை அந்தச் சாதி இல்லை. எலுமிச்சை, தோடை எல்லாம் அதன் இனசனம். முழு வெயில் வேண்டும். குளிர் பட்டால் இலையைக் கொட்டும். குளிர் படாமல் வீட்டுக்குள் வைத்தாலும், வெளிச்சம் குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் கொட்டும். ஹீற்றர் காற்று ஈரத்தை உறிஞ்ச, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிலந்திப்பேன் வந்து இலைக்கு அடியில் குடியேறும். கவலைப்பட்டுத் தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். குளிர்காலத்தில் மனதைத் தேற்றுவதற்கென்று உலகத்திலுள்ள செடிகளையெல்லாம் வரிசைப்படுத்தினால் கறிவேப்பிலை கடைசியில்கூட வராது; வரிசைக்கு வெளியே நின்று இலை கொட்டிக்கொண்டிருக்கும். கனடாத் தமிழர் அத்தனை பேரும் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தது அதைத்தான்.

விளக்கு வந்தது. முதல் நாள் அதற்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தேன். மாமி குறுக்கும் நெடுக்கும் இரண்டு தரம் போனார்.

“இது என்ன விலை, தம்பி?”

சொன்னேன்.

“இவ்வளவு வெளிச்சமும் உங்கடை முகத்துக்கே போகுது?”

அடுத்த நாள் விடிய நான் எழும்பி வரும்போது விளக்கு கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அரை மணித்தியாலம் எழுதிக் கொடுத்த வெளிச்சத்தைச் செடி விடிய ஏழு மணி தொடக்கம் படுக்கும் வரை எடுத்துக்கொண்டது. நான் முறைப்பாடு செய்தேன். மனைவி இரக்கப்பட்டு, செடிக்கென்று தனியாக ஒரு விளக்கு வாங்கி வந்தாள். சிவப்பும் நீலமும் கலந்து எரிகிற வகை. இலை இந்த இரண்டு நிறத்தையும்தான் கூடுதலாக உறிஞ்சும் என்பது சரியான விஞ்ஞானம். அதைப் போட்டதும் எங்கள் ஹோல் முழுக்க ஊதா நிறமாகி, யன்னல் வழியாகத் தெருவுக்கும் வழிந்து, வெளியே கிடந்த பனியையும் ஊதாவாக்கியது என்பதும் உண்மை.

இரண்டு நாளில் எதிர்வீட்டுக் கிழவர் கதவைத் தட்டினார். நல்ல மனிதர், எங்கள் வாசலுக்கும் சேர்த்துப் பனி தள்ளுகிறவர். குரலைத் தாழ்த்தி, “எத்தனை கன்று வைத்திருக்கிறாய்?” என்றார்.

“ஒன்றுதான்.”

“பயப்படாதே. நாலு வரைக்கும் சட்டம் விடும்.”

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. 2018 அக்டோபரில் கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நாலு கன்று வளர்க்கலாம். ஊதா வெளிச்சத்தைப் பார்த்த தெருவே எங்கள் வீட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நான் மறுத்துப் பேசாமல் ஒரு இலையைக் கிள்ளி அவர் கையில் கொடுத்தேன். (மாமி அப்போது குளியலறையில் இருந்தார், இல்லாவிட்டால் இந்தச் சம்பவம் நடந்திராது.) கிழவர் மணந்து பார்த்தார். புருவம் ஏறியது.

“இதை எப்படிப் பாவிப்பீர்கள்?”

“எண்ணெய் கொதிக்கப் போடுவோம். வீடெல்லாம் மணக்கும். பிறகு எல்லாரும் சாப்பிட்டுவிட்டு நல்லாய் நித்திரை கொள்ளுவோம்.”

மிகுந்த மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வாசல் பனியை இன்னும் கவனமாகத் தள்ளுகிறார்.

இதற்கிடையில் மச்சான் ஒருவர் வாட்ஸ்அப்பில் ‘நாசா சிபாரிசு செய்த பத்துச் செடிகள்’ என்று ஒரு படம் அனுப்பினார். இந்தப் படத்துக்கு மரணம் கிடையாது. ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகப் பிறந்து வரும். அடிப்படையில் பொய்யும் இல்லை. 1989இல் நாசாவுக்காக வோல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி, காற்றுப் புகாத சின்னப் பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, அவை சில நச்சு வாயுக்களைக் குறைப்பதைக் காட்டினார். ஆனால் எங்கள் வீடு காற்றுப் புகாத பெட்டி இல்லை, அதன் யன்னல் எல்லாம் ஓட்டை என்று மாதாமாதம் ஹீற்றிங் பில் சொல்கிறது. 2019இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்த இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்யும் சுத்திகரிப்பைச் செடிகள் செய்வதென்றால் சதுர மீற்றருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை வேண்டும் என்று கணக்குக் காட்டினார்கள். எங்கள் ஹோல் இருபது சதுர மீற்றர் வரும். ஆகக் குறைந்தது இருநூறு செடி, ஆகக் கூடினால் இருபதாயிரம். மனைவியிடம் சொன்னேன். அவள் ஹோலை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “இருநூறும் கறிவேப்பிலை எண்டால் யோசிக்கலாம்” என்றாள்.

ஆகவே செடி காற்றைக் கழுவி எங்கள் மனதைத் தேற்றவில்லை. வேறு ஏதோ செய்தது. அது என்ன என்பதை மாமியைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

மாமி எண்பதை நெருங்குகிறவர், கொக்குவிலிலிருந்து வந்தவர். கனடாவில் அவருடைய குளிர்காலம் நவம்பரில் கதவைச் சாத்தியதும் தொடங்கி ஏப்ரலில் கதவைத் திறக்கும்போது முடியும். இடையில், வழுக்கி விழுந்தால் இடுப்பு முறியும் என்ற பயத்தில், காரில் ஏறி இறங்குவதைத் தவிர வெளியே கால் வைப்பதில்லை. முன்பெல்லாம் டிசம்பர் வந்தால் கட்டிலை விட்டு எழும்பப் பத்து மணியாகும். தொலைக்காட்சித் தொடரில் யாராவது அழுதால் அவரும் அழுவார். யாராவது சிரித்தால் அதற்கும் அழுவார். செடி அவர் பொறுப்பில் வந்ததிலிருந்து விடிய ஏழு மணிக்கு யன்னல் திரை விலகுகிறது. செடிக்கு வெளிச்சம் வேண்டுமாம். செடிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. செடிக்குத் துணையாம். கொட்டிய இலையைப் பொறுக்கி எண்ணுவது, ஒவ்வொரு நாளும் சாடியைக் கால்வாசி திருப்புவது, மண்ணுக்குள் விரலை விட்டு ஈரம் பார்ப்பது, சிலந்திப்பேன் வராமல் ஒவ்வொரு இலையையும் மேலும் கீழும் ஈரத்துணியால் துடைப்பது என்று மத்தியானம் வரை வேலை. வைத்தியர் எனக்கு எழுதிக் கொடுத்த காலை வெளிச்சம் முழுவதும் பத்துச் சதச் செலவில்லாமல் மாமியின் முகத்தில் விழுகிறது. ஆனால் அவரிடம் போய் ‘நீங்கள் ஒளிச் சிகிச்சை எடுக்கிறீர்கள்’ என்று சொன்னால் எழும்பிப் போய்விடுவார்.

பின்னேரம் தொலைபேசி. மார்க்கத்தில் ஒரு மாமி, பிரம்ரனில் ஒரு அக்கா, மொன்றியாலில் ஒரு சின்னம்மா. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சாடி.

“என்ன, உங்கடை எப்பிடி நிக்குது?”

“ஐயோ, அதையேன் கேக்கிறியள். நேற்று ஏழு இலை. இண்டைக்கு விடியப் பாக்கிறன், இன்னும் மூண்டு.”

“எங்கடை நுனியிலை சின்னனாய் ஒண்டு தெரியுது. துளிரோ தெரியேல்லை. கண்ணாடி போட்டும் பாத்தனான்.”

“ஆருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. கண்பட்டுப் போகும்.”

முன்பு இந்த அழைப்புகளில் முழங்கால், சீனி, பிரஷர், யாருக்கு என்ன ஒப்பரேசன் என்பவை மட்டும் இருக்கும். இப்போது மனித நோய்கள் கடைசி ஐந்து நிமிடத்துக்குப் பின்தள்ளப்பட்டுவிட்டன. இது எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது ஒரு செத்தவீட்டில்தான் எனக்குத் தெரியவந்தது. ஜனவரி மாதம். பூதவுடல் வைத்திருந்த மண்டபத்தில் எனக்குப் பின்வரிசையில் இரண்டு அம்மாமார் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“கடைசி மட்டும் நல்லாத்தானே இருந்தது.”

“தண்ணி கூடிப்போச்சு. வேறொண்டுமில்லை. நான் அப்பவே தலை தலையாய் அடிச்சனான், விண்டரிலை தண்ணி கூடாது எண்டு. ஆர் கேட்டது?”

“ஊத்திக் குடுத்தது ஆர்?”

“வேறை ஆர், மூத்த பெடியன்தான்.”

நான் அதிர்ந்து பெட்டியைப் பார்த்தேன். அதில் கிடந்தவர் வாழ்நாளில் சோடாகூடத் தொடாத சைவர். மூத்த மகன் பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் வழியில் காரில் மாமியிடம் மெதுவாகக் கேட்டேன். மாமிக்கு வந்த கோபத்தில் முழங்கால் வலியும் மறந்துபோனது. அது பின்வரிசை அம்மா வீட்டுச் செடியாம். ஆறடி உயரமாம். வேரோடு அழுகிவிட்டதாம்.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் விஷயங்களை நீங்களே தீர்மானியுங்கள் என்று சொல்லி, விரும்பினால் ஒரு செடியைத் தெரிந்தெடுத்து நீங்களே பராமரியுங்கள் என்று கொடுத்தார்கள். படம் எந்த இரவு பார்ப்பது, தளபாடத்தை எங்கே வைப்பது என்பதும் அவர்கள் பாடு. மற்ற மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் தாதிமார் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார்கள். மூன்று கிழமை கழித்துப் பார்த்தால் முதல் மாடிக்காரர் கூடுதலான உசாரோடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். சின்ன ஆய்வுதான்; செடியால் மட்டும் வந்த மாற்றம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் செடி இரண்டு மாடியிலும் இருந்தது. பச்சை நிறம் இரண்டு மாடியிலும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் தண்ணீர் வாளி யார் கையில் என்பதில்.

எங்கள் வீட்டில் வாளி யார் கையில் என்பதில் சந்தேகமே இல்லை. நான் எப்போதாவது இரக்கப்பட்டு ஒரு கோப்பைத் தண்ணீரோடு அந்தப் பக்கம் போனால், தொலைக்காட்சியில் எவ்வளவு பெரிய அழுகைக் கட்டம் ஓடினாலும் மாமியின் குரல் வரும்: “தம்பி, அது நேற்றுக் குடிச்சது.”

ஊட்டச்சத்தும் அவர் பொறுப்பு. ஊரில் கறிவேப்பிலைக்கு மீன் கழுவின தண்ணி ஊற்றுவது வழக்கம். அதைவிட நல்ல பசளை இல்லை என்பது பொதுக் கருத்து. அங்கே கறிவேப்பிலை கிணற்றடியில், திறந்த வெளியில், காற்றோட்டத்தில் நிற்கிறது. இங்கே யன்னலை ஐந்து மாதம் திறக்க முடியாது. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, விளைமீன் வாங்கிய நாள், மாமி அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊற்றினார். ஞாயிறு மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டுக்குள் பருத்தித்துறைத் துறைமுகம் முழுவதும் வந்து இறங்கியிருந்தது. மகன் வீட்டுப்பாடத்தை நூலகத்தில் செய்யப் போகிறேன் என்று தானாகவே கிளம்பினான். வரலாற்றில் முதல் தடவை. செடியை ஒரு மணித்தியாலமாவது பின்கதவுக்கு வெளியே வைக்கலாமா என்று மனைவி கேட்டாள். வெளியே மறை பதினெட்டுப் பாகை. அதைவிடத் தன்னைக் கொண்டுபோய் வெளியே வைக்கலாம் என்றார் மாமி. அத்தோடு பேச்சு முடிந்தது. அன்று வீட்டில் யாரும் மனச்சோர்வைப் பற்றி நினைக்கவே இல்லை. எல்லாரும் மூச்சைப் பற்றித்தான் நினைத்தோம்.

இவ்வளவும் செய்து அந்தச் செடியிலிருந்து இலை பறிப்போமா என்றால், மாட்டோம். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை பறிக்கத் தடை. கறிக்குத் தமிழ்க்கடையில் காசு கொடுத்து வாங்கிய கறிவேப்பிலை, பைக்குள் கறுத்துப்போய், குளிர்சாதனப் பெட்டியில் கிடக்கும். செடிக்கு நாலடி தள்ளி நின்று அதைத் தாளிப்போம். தாளிக்கும்போது செடியின் பக்கம் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

வாளி மாமியிடம் போனபின் நான் என் பாட்டுக்கு ஒரு பீஸ் லில்லி வாங்கி வந்தேன். மாமி அதை மேலும் கீழும் பார்த்தார்.

“உது என்னத்துக்கு?”

“மனதுக்கு நல்லதாம்.”

“வறை வறுக்கவும் ஏலாது, சம்பல் அரைக்கவும் ஏலாது. மனதுக்கு என்னெண்டு நல்லது?”

சாப்பிட முடியாத செடிக்கு எங்கள் குடும்பத்தில் மரியாதை கிடையாது. அதையும் பேஸ்மென்ற் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டார்கள். எனக்குத் துணை கிடைத்தது. பீஸ் லில்லி நாடகக்காரச் செடி. தண்ணீர் போதாவிட்டால் இலை, தண்டு எல்லாம் சரிந்து சாடியின் விளிம்பில் தொங்கிவிடும். சொந்தக்காரருக்கு அறிவித்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குக் கிடக்கும். ஒரு கோப்பை ஊற்றிவிட்டுப் போய்ச் சில மணித்தியாலத்தில் வந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து நிற்கும். குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டில் நான் சொன்னதைக் கேட்டு எழும்பி நின்ற ஒரே உயிர் அதுதான். அதற்காகவே நானும் சோபாவிலிருந்து எழும்ப வேண்டியிருந்தது. வைத்தியரின் விளக்கு என்ன செய்ததோ தெரியாது, சரிந்து கிடக்கும் ஒன்றைக் கண்டால் நிமிர்த்தாமல் இருக்க முடியாத பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

பெப்ரவரியில், பனி பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் கண் வெளுத்துப்போன நேரம், மாமியைக் காரில் ஏற்றி அலன் கார்டன்ஸுக்குக் கூட்டிப்போனேன். ரொறன்ரோ நகரத்தின் நடுவில், 1910இல் கட்டிய கண்ணாடிக் குவிமாடத்துக்குள் பனைகளும் வாழைகளும் வளர்கின்றன. நுழைவு இலவசம் என்பதை மாமி வாசலில் இரண்டு தரம் உறுதிப்படுத்திக்கொண்டார். உள்ளே கால் வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி பனித்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் போட்டுப் பார்த்தால், மாமி கோட், சுவெட்டர், உள்சுவெட்டர், மப்ளர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, சேலையோடு வாழைக்குக் கீழே நின்றார். ஈரமண் மணத்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டார்.

இந்தக் கண்ணாடி விவகாரத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. லண்டனில் நதானியேல் வார்ட் என்ற வைத்தியர் 1829 அளவில், மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் பன்னம் ஒன்று தானாக முளைத்ததைக் கண்டு, செடிகளைக் கப்பலில் உயிரோடு கொண்டுபோகும் கண்ணாடிப் பெட்டியை உருவாக்கினார். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இறப்பர்க் கன்றுகள் அந்தப் பெட்டிகளில்தான் இலங்கைக்கு வந்தன. கேட்காமலே அனுப்பினார்கள். இப்போது இலங்கைச் செடிகளைக் கண்ணாடிக் கொண்டோக்களுக்குள் அடைத்து நாங்கள் மறைந்த பிரித்தானிய மகாராணி படம் போட்ட காசில் ஹீற்றர் பில் கட்டுகிறோம். யார் யாருக்குக் கடன் என்று எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

மாமி அதற்குள் அங்கே வேலை செய்த தோட்டக்காரப் பெண்ணைப் பிடித்துவிட்டார்.

“இந்த வாழை இவ்வளவு கொழுத்து நிக்குதே, என்ன விடுறவை எண்டு கேளுங்கோ, தம்பி.”

கேட்டேன். அவள் ஏதோ திரவப் பசளையின் பெயரைச் சொன்னாள்.

“மீன் கழுவின தண்ணி விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ.”

மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் குவிமாடத்தையும் மூடிய கண்ணாடிகளையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மிகவும் நல்ல யோசனை, மேலிடத்தில் சொல்கிறேன் என்றாள். காரில் ஏறும் வரை மாமி சேலையோடுதான் வந்தார். கோட்டைப் போடுங்கோ என்றதற்கு, குளிரேல்லை என்றார்.

அதற்கு அடுத்த ஜனவரியில் குடும்பமாகத் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். மகனுக்குப் பரீட்சை, அவன் வரவில்லை. செடியும் அவனும் தனியே. மாமி எழுதிக் கொடுத்த அறிவுறுத்தல்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவை மூடிவிட்டன. அவன் என்ன சாப்பிடுவது என்று எழுத இடம் மிஞ்சவில்லை.

கொக்குவில் வீட்டில் வெயில் வேண்டிய அளவு. கிணற்றடியில் கறிவேப்பிலை கூரைக்கு மேலே போயிருந்தது. வேரிலிருந்து வெடித்த குட்டிகள் சுற்றிவர நிறைய. அவற்றைப் புல்லோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். மாமி அதையெல்லாம் கவனித்தமாதிரித் தெரியவில்லை. அவருடைய எண்ணமெல்லாம் ஸ்காபரோ யன்னலில் இருந்தது. பின்னேரம் ஆறு மணியானால் அங்கே காலை ஏழரை. கிணற்றுக்கட்டில் இருந்து வாட்ஸ்அப்பில் பேரனை எழுப்புவார்.

“கமராவைக் கீழை பிடி. இன்னும் கீழை. அந்த மஞ்சள் இலை எப்ப வந்தது?”

“தெரியாது, அம்மம்மா.”

“தெரியாதோ? நீ அங்கை என்ன செய்யிறாய்? விரலை விட்டுப் பார். ஈரம் இருக்கோ?”

அந்த நேரம் பார்த்து மாமியின் மருமகள் பருப்புக்குத் தாளிக்க அடுப்படியிலிருந்து ஓடி வந்து, எட்டிய ஒரு கொப்பை வளைத்து, முழங்கை நீளத்துக்குச் சடாரென்று முறித்தாள்.

மாமி போனைக் கைவிட்டார். “ஐயோ பிள்ளை! என்ன வேலை செய்யிறாய்! ரெண்டு நெட்டுக் காணாதே?”

மருமகள் முறித்த கொப்போடு அப்படியே நின்றாள். “மாமி, இது கிணத்தடியை மறைக்குது எண்டு நாளைக்குத் தறிக்க ஆள் வரச் சொல்லியெல்லோ இருக்கிறம்.”

மறுநாள் விடியக் கோடரியோடு ஆள் வந்தார். அவருக்கு முன்பே மாமி மரத்தடியில் கதிரை போட்டு, கையில் ஈரத்துணியோடு, எட்டிய இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் எழும்புங்கோ, அம்மா” என்றார் வந்தவர்.

மாமி எழும்பவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நீர் இதுக்குக் கடைசியா எப்ப தண்ணி விட்டனீர்?”